பட்டியலில் பச்சையாக இருந்த ஊர்

ஊராட்சி அலுவலகங்களுக்கெல்லாம் கேபிள் வழியாக வேகமான இணையம் கொண்டுபோகும் அரசுத் திட்டத்தில், எங்கள் கம்பெனி ஒப்பந்தம் எடுத்திருந்தது. விருதுநகரிலிருந்து சிவகாசிப் பக்கமுள்ள ஊராட்சிகள் என் பொறுப்பு. கம்பி இழுப்பவர்கள் வேறு ஆட்கள். நான் போய் இணைப்பு ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஓடினால் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, பட்டியலில் அந்த ஊரைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றுவேன். சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் மாதக் கூட்டம் நடக்கும். யாரும் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார்கள். எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு, அவ்வளவுதான் கேள்வி.

ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெண் தலைவராக இருந்தார். தேர்தலுக்கு முந்தின வாரம்வரை பட்டாசு ஆலையில் சரம் பின்னிக்கொண்டிருந்தவர். நான் போன பல ஊர்களில் பெண் தலைவர் என்றால் கணவர்தான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இங்கே அவரே உட்கார்ந்திருந்தார். நான் நீட்டிய தாளை எழுத்துக்கூட்டி முழுதும் படித்துவிட்டு, “இதுல ‘தடையின்றி’ன்னு போட்டிருக்கே மேடம், கரண்டு போனா என்ன செய்வீக?” என்று கேட்டார். பேட்டரி இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இரண்டாம் தடவை போனபோது ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

அந்தப் பழக்கத்தால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி, புதிய இணைப்பு வழியாக ஏதாவது ஓர் ஊராட்சித் தலைவருடன் வீடியோவில் பேசப்போகிறார், நல்லா பேசுகிற தலைவராகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் எங்கள் மேனேஜர். நான் யோசிக்காமல் அக்காவைச் சொன்னேன்.

பேச வேண்டிய நாளுக்கு முந்தின நாள், சாலையை அகலப்படுத்திய ஜேசிபி, ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் கம்பியை மண்ணோடு அள்ளிப் போட்டுவிட்டது. சரிசெய்வது எங்கள் வேலையா, சாலைக்காரர்கள் வேலையா என்று ஏற்கெனவே ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜருக்குப் போன் செய்தேன். “ஊரை மாத்த முடியாது. லிஸ்ட் மேலே போயிருச்சு. எப்படியாவது பண்ணிரு” என்றார்.

பண்ணினேன். மறுநாள், கம்பெனி கொடுத்திருந்த போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை இணைப்புப் பெட்டிக்கு மேலே, விழாவுக்காகப் போட்டிருந்த பூமாலைக்குப் பின்னால் செருகி வைத்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். கூடியிருந்த பெண்கள் நான் பூஜை போடுவதாக நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

திரையில் அதிகாரி முகம் தெரிந்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். “உட்கார்ந்து பேசுங்கம்மா” என்று அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். “ஐயா, எங்க ஊர்ல ஒரு சர்ட்டிபிகேட்டு எடுக்கணும்னாலும் ஒருநாச் சம்பளத்த விட்டுட்டு சிவகாசிக்குப் போவணும். இனி இங்கனயே முடிஞ்சிரும். இந்த மேடம் எங்களுக்காக அம்புட்டு அலைஞ்சாங்க” என்று என்னை இழுத்து காமிராவுக்கு முன்னால் நிறுத்தினார். அந்தப் பக்கம் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது. எங்கள் வீட்டில் அதைக் கத்தரித்து வைத்தார்கள்.

இரண்டு நாளில் கம்பியைச் சரிசெய்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பட்டியலில் ஊர் பச்சையாக இருந்தது. பச்சையான ஊருக்குப் பழுதுபார்க்க ஆள் அனுப்ப மாட்டார்கள். அக்காவோ, வரும் திங்கட்கிழமை எல்லாரும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தால் பட்டாசுத் தொழிலாளர் நல வாரியப் பதிவைப் புதுப்பித்துவிடலாம் என்று மைக்கில் சொல்லிவிட்டார். தீபாவளிச் சீசன். ஒருநாள் லீவு கேட்டாலே போர்மேன் முறைக்கிற நேரம். அப்படியும் முப்பது, நாற்பது பெண்கள் லீவு போட்டு, கையில் அட்டையோடு வந்து வாசலில் மாலைவரை காத்திருந்திருக்கிறார்கள். அன்றைக்கு அக்காவிடமிருந்து ஏழு தடவை போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

மறுநாள் அவர் ஆமத்தூர் வழியாக பஸ் மாறி, விருதுநகரில் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கோபமாக வரவில்லை. நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “மேடம், அன்னைக்கு நல்லாத்தான ஓடுச்சு? மறுநாள்ல இருந்து ஏன் செத்துக் கெடக்கு?” என்று கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். “லைன் எங்கயோ கட் ஆயிருக்குக்கா. யாராவது வெட்டியிருப்பாங்க” என்றேன்.

“யாராவது”. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அந்த ஊரில் வீடுகளுக்கு டிவி இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரர் ஒருவர் இருந்தார். அரசாங்க இணையம் வந்தால் அவர் பிழைப்பு போய்விடும் என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. கம்பங்களில் ஏறுகிறவரும் அவர்தான். அக்கா அவர் மேல் புகார் எழுதிக் கொடுத்தார். போலீசார் அவரைக் கூட்டிப்போய் காலையிலிருந்து சாயங்காலம்வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை. ஆனால் ஊர் அவரை விட்டுவைக்கவில்லை. லீவு போட்டு ஏமாந்த பெண்கள் அவருடைய இணைப்பை வேண்டாம் என்று பிடுங்கிப் போட்டார்கள். அவர் மனைவி தண்ணீர் பிடிக்கப் போனால், குழாயடியில் யாரும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதைக் கேள்விப்பட்டும் பதினைந்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், மாதக் கூட்டத்துக்குப் போய் என் பச்சைகளை வாசித்தேன். பிறகு ஒருநாள் மதியம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாலைக்குப் பின்னால் போன் இருந்ததை, பொட்டு எதற்கு வைத்தேன் என்பதை, கம்பி அறுந்தது எந்த நாள் என்பதை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. “அப்ப அன்னைக்கு நான் அந்த அய்யாகிட்ட சொன்னது அம்புட்டும் பொய்யா?” என்றார். பிறகு, “அந்த மனுசன நான் போலீஸ் ஸ்டேசன் ஏற வச்சிட்டேனே” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? கிராம சபைக்கு வாங்க. இத மைக்குல சொல்லுங்க. நானும் அவருகிட்ட எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேக்கேன்.”

போனேன். மைக்கையும் கையில் வாங்கினேன். முன்வரிசையில் அந்தப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கேபிள்காரர் கடைசியில் வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். ஊராட்சி அலுவலக வாசல் சுவரில், சட்டம் போட்டு மாட்டிய அந்தச் செய்தித்தாள் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். “சாலை வேலையில்தான் கம்பி அறுந்தது. கேபிள் அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை” என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்றைக்கு அறுந்தது என்று சொல்லவில்லை. போனைப் பற்றிச் சொல்லவில்லை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்ப மைக்கைக் கேட்பேன் என்று காத்திருந்தார் போல. கேட்கவில்லை என்றானதும் அவர் எழுந்து, அவசரப்பட்டுப் புகார் கொடுத்தது தன் தப்பு என்று சொல்லி, அவ்வளவு பேர் முன்னால் கேபிள்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் கேபிள்காரர் என்னிடம் வந்தார். “ரொம்ப நன்றி மேடம். எவ்வளவோ வேலைக்கு நடுவுல எனக்காக வந்து சொல்லியிருக்கீக. எம் பேரக் காப்பாத்திட்டீக” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “பரவாயில்லண்ணே” என்றேன் நான்.

அந்த வாரமே, அந்த ஊரின் இணைப்பு வேலை செய்யவில்லை என்பதை, எந்த நாளிலிருந்து என்பதோடு எழுதி, பட்டியலில் அதைச் சிவப்பாக்கினேன். மேனேஜர் கத்தினார். ஆண்டு முடிந்ததும் என் வேலை நீட்டிக்கப்படவில்லை. அதைச் சொல்லி யாரும் என்னை நல்லவளாக நினைத்துவிடக் கூடாது. கிராம சபையில் வராத வார்த்தை, பூட்டிய அறையில் கம்ப்யூட்டரில் சுலபமாக வந்தது, அவ்வளவுதான். ஊர் சிவப்பானதால் ஆள் வந்து கம்பியை ஒட்டினார்கள். பொங்கலுக்குள் இணையம் ஓடியது. பெண்கள் பதிவைப் புதுப்பித்துக்கொண்டார்கள். சிலருக்கு மட்டும் கெடு முடிந்துபோயிருந்தது.

இப்போது விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். கேபிள்காரர் வயர், கனெக்டர் வாங்க மாதம் ஒருமுறை வருகிறார். வரும்போதெல்லாம் சேவுப் பொட்டலம் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் யார் நின்றாலும் அவர்களிடம், “இந்த மேடம் இல்லன்னா நான் ஊர்ல தலநிமிந்து நடந்திருக்க மாட்டேன்” என்கிறார். நான் அவருக்கு பில் போட்டுக் கொடுக்கிறேன். போன மாதமும் வந்திருந்தார். போன மாதமும் நான் சொல்லவில்லை.