பொடுதலைத் தைலமும் நான்கு வெள்ளிக்கிழமைகளும்

நீ பொய் சொல்லித்தான் தைலம் விற்றாய். எழுபதுகளின் கடைசியில் செந்துறைச் சந்தையில் சாக்கு விரித்து, பொடுதலை இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்று விற்ற உன்னைத்தான் சொல்கிறேன்.

என் தங்கைக்குத் தலை நிறையப் பொடுகு. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நீ அவள் தலையில் எண்ணெயைத் தடவிச் சீப்பால் வாரினாய். ஒரு துகள்கூட உதிரவில்லை.

“பாத்தியா பாப்பா, பொடுகு போயிடுச்சு. நாலு வாரம் தலைக்குத் தண்ணி ஊத்தாத. சீயக்காய் கிட்டவே போவாத” என்றாய். கூட்டம் வாயைப் பிளந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் தலை முழுகுகிறவள் உன் பேச்சைக் கேட்டு நான்கு வெள்ளியை விட்டாள். பொடுகு எங்கேயும் போகவில்லை. எண்ணெயில் ஒட்டிக்கொண்டு தலையிலேயே கிடந்தது. புண்ணாகிச் சீழ் வைத்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் முடியை வழித்துவிட்டுத்தான் மருந்து போட்டார்கள். மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். படிப்பு அதோடு நின்றது.

உன்னிடம் வந்து கேட்டேன். “ஒந் தங்கச்சிக்கு ஒடம்புச் சூடு தம்பி, எண்ணெ என்ன பண்ணும்?” என்று சிரித்தாய். குணமானால் எண்ணெய், ஆகாவிட்டால் சூடு. நல்ல வைத்தியம்!

பொடுதலை மீது எனக்குக் கோபமில்லை. அது பொடுகைப் போக்குமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. வாங்கிப் போனவர்களில் ஒருவரையாவது ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டுத் தலையைப் பார்த்தாயா? உயிரோடு இருந்தால் அதே சந்தையில், கூட்டத்துக்கு முன்னால் நின்று பதில் சொல்.