நிலாவாக நடந்த இன்ஸ்பெக்டர்

முழங்கால் போனதும் டிரில் மாஸ்டர் முனியனை எங்கள் மயிலாப்பூர் ஆரம்பப் பள்ளியின் நூலகர் ஆக்கிவிட்டார்கள். ஓட முடியாதவர் புத்தகத்துக்குக் காவல் இருக்கட்டும் என்பது தலைமையாசிரியர் சிதம்பரநாதனின் ஞானம். நூலகம் என்றால் மூன்று பீரோ, ஒரு மேஜை. பக்கத்து அறையில் நான் மூன்றாம் வகுப்பு எடுத்ததால் எல்லாக் கூத்தும் எனக்குத் தெரியும்.

குப்பத்தில் பிறந்த முனியனுக்கு ஆங்கிலம் வராது. அதைச் சொல்லிச் சிரிக்காத ஆசிரியர் இல்லை. நானும் சிரித்தேன், வெட்கக்கேடு. 1970 ஜூலையில் சிதம்பரநாதன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இந்த இன்ஸ்பெக்‌ஷன்ல ஒரு குறை வந்தாலும் நீர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்." வீட்டிலோ நான்கு பெண்கள். மனிதர் இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அந்த வாரம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, என் சிநேகிதி ஜஹனாரா, நிலாப் பாடத்துக்கு முனியனிடம் புத்தகம் கேட்டுப் போனாள். நிலாவில் ஆள் இறங்கி ஒரு வருடம். பிள்ளைகள் கேள்வி கேட்டு அவள் உயிரை எடுத்தார்கள். இருந்தது ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம். அவள் படித்துத் தமிழில் சொல்வது, அவர் அதை டிரில்லாக மாற்றுவது என்று இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள்.

பூமியை ஒருமுறை சுற்றுவதற்குள் நிலா தன்னையும் ஒருமுறை சுற்றிக்கொள்ளும் என்ற வரியில் ஜஹனாரா நின்றாள்.

"தப்பா அச்சடிச்சிருக்காங்க மாஸ்டர். சுத்துனா அதோட முதுகும் நமக்குத் தெரியணுமே?"

முனியன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் முகத்தைப் பார்த்தபடியே நொண்டிக்கொண்டு சுற்றி வந்தார்.

"டீச்சர், நான் நாலு பக்கமும் திரும்பிக்கினேதான் வரேன். புக்கு கரீட்டாத்தான் கீது."

இன்ஸ்பெக்‌ஷன் அன்று மைதானத்தில் பாடம். அந்த வரி வந்ததும் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். "நிலா தன்னைத்தானே சுத்துதா? யார் சொன்னது?"

"லைப்ரரியன் மாஸ்டரும் நானும் சேர்ந்து தயாரிச்ச பாடம் சார்" என்றாள் ஜஹனாரா.

"டிரில் மாஸ்டர்கிட்ட லைப்ரரியைக் குடுத்தா இப்படித்தான்" என்று அவர் பேனாவைத் திறந்தார். சிதம்பரநாதன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி!

முனியன் முன்னால் வந்து தலைமையாசிரியரைக் காட்டினார். "எழுதறதுக்கு முன்னால நீங்களே ஒருவாட்டி நடந்து பாருங்க சார். பெரிய சார்தான் பூமி. அவர் மூஞ்சியவுட்டுக் கண்ண எடுக்காம சுத்தி வாங்க."

என்ன தோன்றியதோ, இன்ஸ்பெக்டர் நடந்தார். கோயிலில்கூட அவர் அத்தனை பயபக்தியோடு சுற்றியிருக்க மாட்டார்.

"பெரிய சார் தலைக்குப் பின்னால இன்னா தெரியுது?"

"கோபுரம்."

கால் வட்டம் போனதும், "இப்போ?"

"கக்கூஸ்."

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்துச் சாந்தோம் சர்ச், அதற்கடுத்துப் பள்ளி கேட், மறுபடி கோபுரம்.

"நாலு திசையும் திரும்பிட்டீங்க சார். பெரிய சார், அவரு முதுகப் பாத்தீங்களா?"

"பார்க்கலையே" என்று சிதம்பரநாதன் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, நேராக முனியன் கையில் கொடுத்தார். முனியன் அதை ஜஹனாராவிடம் நீட்டினார்.

அவள் தமிழில் சொன்னாள்: "'படித்ததைச் சோதித்தும் பார்க்கும் நூலகரை இங்கேதான் கண்டேன். இவரை மாற்றக் கூடாது.'"

முழங்காலை மறந்து முனியன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இங்கிலீஷ்லயே ஒருவாட்டி படிங்க டீச்சர்" என்றார்.