சமையல்கட்டில் டிராக்டர்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்களுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுத்தவர் பிளெஸ்ஸி டீச்சர். ஆவூர்க்காரர். சென்னையில் மெக்சிகோ வாடிக்கையாளர்களுடன் போனில் பேசும் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்.

ஸ்பானிஷில் ஒரு கூட்டத்தில் ஓர் ஆண் இருந்தால் போதும், எல்லோரையும் ஆண்பாலில் அழைத்துவிடலாம். டீச்சர் அப்படி அழைக்க மாட்டார். பெண்களையும் ஆண்களையும் சேர்த்துச் சொல்லித்தான் வணக்கம் வைப்பார். பாடப்புத்தகத்தில் அப்பா கார் ஓட்டுவார், அம்மா சூப் வைப்பார். "அதை மூடி வைங்க. ஒங்க வீட்டுல யாரு என்ன செய்றாங்களோ அதைச் சொல்லுங்க" என்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பிரசாந்த் ஊசி போடுவதைச் சொன்னான். வல்லத்திராக்கோட்டை கலைமதி டிராக்டரில் உழவு ஓட்டுவதைச் சொன்னாள்.

வகுப்பின் உரிமையாளர் ஜெபக்குமார் சாருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் இது தெரிந்துவிட்டது. நாங்கள் ஸ்பானிஷில் பேசிக் காட்ட வேண்டிய பெற்றோர் கூட்டத்துக்கு முதல் நாள் டீச்சரைக் கூப்பிட்டார்.

"ஆம்பள நர்சு, பொம்பள டிரைவர்னு மேடையில ஏத்துனா அட்மிஷன் போயிரும் டீச்சர். புத்தகத்துல இருக்கறதைப் பேச வைங்க. மீறுனா திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம்."

"பொய் சொல்லி மொழி படிக்க வேண்டாம் சார்."

கூட்டத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கலைமதி எழுந்து, தன் வேலையை ஸ்பானிஷில் தடுமாறாமல் சொன்னாள். உடனே சார் மைக்கை வாங்கினார்.

"பாப்பா என்ன சொல்லுதுன்னா, தினமும் அம்மாவுக்குச் சமையல்ல ஒத்தாசை பண்ணுதாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கலைமதியின் அப்பா நாகராசு மட்டும் எழுந்தார். "நடுவுல டிராக்டர்னு காதுல விழுந்துச்சேங்க. சமையக்கட்டுல டிராக்டர் எதுக்கு?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. டீச்சர் சாரின் கையிலிருந்து மைக்கை எடுத்தார்.

"எங்க வயலை டிராக்டர்ல நான்தான் உழுறேன், அப்பா வரப்புல நிப்பாருன்னு சொன்னா."

"அடியே, அதையுமா சொன்ன!" என்று நாகராசு உட்கார்ந்தார். சில ஆண்கள் முகம் சுளித்தார்கள்.

"திங்கக்கிழமை வராதீங்க" என்றார் சார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வரலை சார்." டீச்சர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "திங்கக்கிழமை கிளாஸ் ஆவூர்ல, எங்க வீட்டுல. வாரவங்க வாங்க."

பாதிப் பேர்தான் போனோம். சில வீடுகளில் விடவில்லை, பிரசாந்துக்கு டூட்டி. வராதவர்களுக்காக டீச்சர் காத்திருக்கவில்லை. பாயை விரித்து, எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.