துவக்குக்குப் பூசும் கறுப்பு

முதலில் என் விசர்த்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேட்டைத் துவக்கின் குழலுக்கு எந்த ஸ்பிரே பெயின்ட் நின்றுபிடிக்கும் என்று பார்ப்பதற்காக, என் மனைவியின் புட்டுக்குழலுக்குக் கறுப்படித்தவன் நான். ஏனோதானோவென்றும் அடிக்கவில்லை. மேல் பாதிக்கு ஒரு கறுப்பு, கீழ்ப் பாதிக்கு இன்னொரு கறுப்பு. நடுவில் ஒட்டுநாடா சுற்றி, கோடு கோணாமல், மிகுந்த பொறுப்போடு அடித்தேன்.

காரணம், நான் எவரையும் நம்புவதில்லை. பால் பெட்டியில் திகதியைப் பார்த்த பிறகும் மணந்து பார்ப்பவன். பேருந்து வந்து நின்ற பிறகும் இலக்கத்தைச் சாரதியிடம் கேட்பவன். அப்படிப்பட்டவனிடம் துவக்கு வந்தால் எப்படியிருக்கும்?

துவக்கும் இன்னும் என்னிடம் வந்திருக்கவில்லை. அது, டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எனக்குப் போர்மனாக இருந்து ஓய்வுபெற்ற டெனிஷ்காரருடையது. என்னை வேட்டைப் பரீட்சைக்கு இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். நான் பாஸ் பண்ணியதை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனாலும் அவர்களுடைய வேட்டைக் குழுவில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், கையில் கம்போடு பற்றைக்குள் நுழைந்து, கத்திக் கத்தி மான் கலைப்பதுதான். துவக்குக்காரர்கள் வரப்போரம் கம்பீரமாக நிற்பார்கள். நான் முள்ளுக்குள் நின்று ஊளையிடுவேன்.

போர்மனின் தோள்மூட்டில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இனிச் சுட்டால் உதைப்பு தாங்காது. துவக்கைப் பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்டார், நானும் கேட்டேன். அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். (டெனிஷில் நடந்த பேச்சையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.)

"குழல்ல கறள் பிடிச்சிருக்கு. நீயே துப்புரவாக்கிப் பூசு. நீ அதை எப்பிடி நடத்துறாய் எண்டு பாத்திட்டுத்தான் பேர் மாத்திற கடதாசியில கையெழுத்து. பிழைச்சுதெண்டால் பண்ணைக்காரனுக்கு."

ஆக, என் முழு வேட்டை வாழ்வும் ஒரு ஸ்பிரே டின்னில் தொங்கியது. பிழையான டின்னை வாங்கினால், மறுபடியும் கம்பும் ஊளையும்.

விறகு அடுப்புச் சாமான் விற்கும் கடையில் ஒரு டின் இருந்தது. அறுநூற்றைம்பது டிகிரி தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். துவக்குக் கடையில் இன்னொரு டின். அது தாங்கும் சூடு குறைவு, விலை கூட. எனக்கு உடனே மூளை அரிக்கத் தொடங்கிவிட்டது. குறைந்த சாமானுக்கு ஏன் கூடின விலை? துவக்குக் கடையில் நின்ற பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"இது எவ்வளவு சூடு தாங்கும்?"

"உன்ர துவக்குக்குக் காணும்."

"மற்றக் கடையில அறுநூற்றைம்பது எண்டு போட்டிருக்கு."

"நீ மானைச் சுடப்போறியோ, சமைக்கப்போறியோ?"

கேள்விக்குப் பதிலாகப் பகிடி விடுகிற கடைக்காரரிடம் நான் இரட்டிப்புச் சந்தேகம் கொள்வேன். அதனால் இரண்டு டின்னையும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, ஹ்விடோவ்ரேயில் காருக்குப் பெயின்ட் அடிக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வழக்கம். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பமாட்டோம், விற்பவரை நம்பமாட்டோம், அந்தத் துறைக்குப் பக்கத்துத் துறையில் எங்களுடைய ஆள் ஒருவர் இருந்தால் அவரைக் கேட்போம்.

"தம்பி, அடுப்புப் பெயின்டையே அடியும். மற்றவங்கள் துவக்குப் படத்தைப் போட்டு விலையைக் கூட்டுறாங்கள்."

"நீங்கள் அடிச்சுப் பாத்திருக்கிறியளோ அண்ணை?"

"ஓம். கார் சைலன்சருக்கு அடிச்சனான், கல்லு மாதிரி நிண்டது."

"துவக்குக்கு?"

"தம்பி, நான் இஞ்ச கராஜ் நடத்திறன். படை நடத்தேல்லை."

அண்ணையின் பேச்சையும் நான் முழுதாக நம்பவில்லை. அவர் பெயின்ட் அடித்துத் தந்த என் கார்க் கதவில் இன்றைக்கும் ஓர் இலையான் சிறகு விரித்தபடி செத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படித்தான் சோதனை முடிவானது. உருண்டையாக, நீளமாக, உலோகத்தில், சூடாகக்கூடிய ஒரு சாமான் வேண்டும். வீடு முழுக்கத் தேடினால் அந்தத் தகுதிகளெல்லாம் ஒரே இடத்தில் அமைந்திருந்தது புட்டுக்குழலில்தான். அரத்தாள் போட்டு உரசி, இரண்டு கறுப்பையும் அடித்து, டின்னில் சொன்ன நாள் வரைக்கும் கராஜில் ஒளித்துக் காயவிட்டேன். பிறகு வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, அடியில் தண்ணீர்ப் பானையை வைத்து ஆவி ஏற்றினேன். மா போடவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது.

நேரத்தோடே பள்ளிக்கூடத்தால் வந்த மகள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு டெனிஷில் சொன்னாள்: "அப்பா, தண்ணி ஆவி நூறு டிகிரிதான்."

அறுநூற்றைம்பது எங்கே, நூறு எங்கே. பரீட்சை எழுதி வேட்டைக்காரனான எனக்கு இது தோன்றவில்லை. நான் அடுப்பின் சூட்டை இன்னும் கூட்ட, பின்னால் மனைவி வந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, கோட்டைக் கழற்றாமலே அடுப்பைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"சும்மா ஒரு சோதினை."

"ஊரில துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து துவக்குக்கு மேக்கப் போடுறியள். அதுக்கும் என்ர புட்டுக்குழல்தானோ கிடைச்சது?"

துணியால் குழலைப் பிடித்துக்கொண்டு நேரே கராஜுக்குப் போனாள். துவக்குத் துடைப்பதற்கென்று நான் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த திரவத்தைத் துணியில் ஊற்றி, சூடு ஆறினதும் ஆறாததுமாக உரசத் தொடங்கினாள். நாலு இழுவையில் மேல் பாதிக் கறுப்பு கண்மை மாதிரிக் கரைந்து துணிக்கு வந்தது. கீழ்ப் பாதியில் அவளுடைய கோபம் முழுவதும் இறங்கியும் ஒரு கீறல் விழவில்லை.

"இந்தப் பாதி போகுது. மற்றப் பாதி ஏன் போகுதில்லை?"

"எது போகுதில்லை? வடிவாய் உரஞ்சிப் பாரும்! இன்னும் உரஞ்சும்!" என்று நான் துள்ளினேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அறுநூற்றைம்பது இருந்தது.

கரைந்தது அடுப்புப் பெயின்ட். நின்றது துவக்குக் கடைப் பெண்ணின் பெயின்ட். வேட்டைக்குப் போனால் சுடுவது ஒன்றோ இரண்டோ. குழல் அடுப்பாகப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் எண்ணெயும் இந்தத் திரவமும் போட்டுத் துடைக்கத்தான் வேண்டும். நான் சந்தேகப்பட வேண்டியது நெருப்பையல்ல, துடைக்கிற துணியை. டென்மார்க் முழுவதையும் விசாரித்தவன், அந்த ஒரு கேள்வியை மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. மனைவிக்கு நன்றி சொன்னேன். புதுப் புட்டுக்குழல் வரும்வரை என்னோடு கதைக்க வேண்டாம் என்றாள்.

துவக்கைப் போர்மன் வெளியே கொண்டுபோக விடவில்லை. வேலை அவருடைய கொட்டகையில், அவர் கதிரை போட்டுக் கோப்பி குடித்தபடி பார்த்திருக்க நடந்தது. மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, அது இல்லாமல் சுடவே முடியாத போல்டைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆளை நம்பாத ஒருவன் குனிந்து உரச, அவனை நம்பாத இன்னொருவர் நிமிர்ந்து பார்த்திருந்தார்.

"குழல் ஓட்டையை அடைச்சனியோ?"

"அடைச்சனான்."

"காட்டு."

காட்டினேன்.

"எண்ணெய்ப் பசை போகத் துடைச்சனியோ? இனி வெறுங்கையால தொடாதை. கையுறை எங்க?"

"போட்டிருக்கிறன்."

"மெல்லிசா அடி. இது வேலி இல்லை."

காயவிட்ட நாட்களில் நான் மூன்று சாட்டுச் சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன், அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில். ஒவ்வொரு முறையும் அவர் கொட்டகை வாசலை மறித்து நின்று கதைத்தார். நான் தொட்டுவிடுவேனாம்.

வியாழன் பின்னேரம் தீர்ப்பு. சனிக்கிழமை வேட்டை. அவர் குழலை யன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். நகத்தால் கீறினார். வெள்ளைத் துணியில் திரவத்தை ஊற்றி இறுக்கித் துடைத்து, துணியை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்தார். வெள்ளை. மற்றப் பக்கத்தால் துடைத்தார். அதுவும் வெள்ளை. பண்ணைக்காரரின் ட்ராக்டர் தெருவால் போகிற சத்தம் கேட்டது. அதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

போர்மன் துவக்கைப் பூட்டிமுடித்து மேசையில் வைத்தார். பொலிசுக்கு அனுப்ப வேண்டிய கடதாசியை இழுத்து, என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அனுமதி வரும்வரை இரவலாக வைத்துக்கொள் என்று துவக்கை என் பக்கம் தள்ளினார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நில்லாதே.

"அப்ப இனி என்னில முழு நம்பிக்கை வந்திட்டுது, என்ன?"

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"சனிக்கிழமை நானும் வருவன். துவக்கோட நீ எனக்கு முன்னால நட."