தண்ணீர்க் கான் நின்ற பக்கம்

துவக்குக் கடை வேலையில் பாதி நேரம் விற்பதில் போகும், மீதி நேரம் விற்றதை நினைத்துக் கவலைப்படுவதில் போகும். மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்டில் வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் விற்கிற ஒரு கடையில், துவக்குகளும் அவற்றுக்குப் போடும் ரவைத் தோட்டாப் பெட்டிகளும் அடுக்கிய மேசைக்குப் பின்னால் நிற்பவன் நான். மருந்துக் கடையோ வங்கியோ, எங்காவது ஒரு மேசைக்குப் பின்னால் நின்று ஒரே வசனத்தை நாள் முழுக்கச் சொல்லி வாய் உலர்ந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

வாய்தான் தடை

காடு காய்ந்து, வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது என்று அறிவித்தல் வந்ததும் எங்கள் முதலாளி ஒரு கட்டளை போடுவார். ரவை வாங்குகிற எல்லாரிடமும் நான் சொல்ல வேண்டும்: அரசாங்கக் காட்டில் சுடப் போனால் கல்லிலும் இரும்பிலும் சுடாதீர்கள், பொறி பறக்கும், தண்ணீர் கொண்டு போங்கள். போன கோடையில் நெருப்பு மூட்டத்தான் தடை இருந்தது. சுடுவதற்கு ஒருவரும் தடை போடவில்லை. என் வாய்தான் தடை.

வடக்கே எரிந்த காட்டின் புகை ஊர் முழுக்க இறங்கியிருந்த ஒரு நாள். பகலிலேயே கார்கள் விளக்குப் போட்டு ஓடின. முகமூடி கட்டிக்கொண்டு ஒருவர் வந்து, சுட்டால் டங்கென்று சத்தம் கேட்கிற இரும்புத் தட்டு வேண்டும் என்றார். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தபடி இருந்தது. என் வசனத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு பிரெஞ்சில் அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: "காடு ஏற்கெனவே எரியுதுதானே, என்ர நாலு வெடியால புதுசா என்ன வரப்போகுது?"

ரேயால்

ரேயால் எங்கள் கடைக்குத் தூண்டில் சாமான் வாங்க வருகிறவர். துவக்குப் பக்கமே திரும்ப மாட்டார். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வாடகைக்கு இருந்தவர், ஓய்வு பெற்றதும் வீட்டை விட்டுவிட்டு வடக்கே ஒரு ஏரிக்கரையில் தானே கட்டிய மரவீட்டுக்குப் போய்விட்டார். அதைத் தவிர அவருக்கு வேறு இருப்பிடம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் அரசாங்கக் காடு. அதற்குள் மணல் அள்ளிக் கைவிட்ட பெரிய பள்ளம், ஒரு கிடங்கு. சுடுகிறவர்கள் சனிக்கிழமைகளில் போவது அந்தக் கிடங்குக்குத்தான்.

தூண்டில் நூல் வாங்க வரும்போதெல்லாம் என் மேசைக்கு வந்து, "என்ர கிடங்குக்கு ஆரை அனுப்பியிருக்கிறாய்?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், ஆனால் நான் அந்த வாரம் ரவை வாங்கியவர்களை ஒவ்வொருவராக மனதில் எண்ணிப் பார்ப்பேன். வீட்டைச் சுற்றியுள்ள மரங்களையாவது வெட்டிவிடுங்கள், நெருப்பு வந்தால் தாண்டாது என்று ஒருநாள் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "மரத்தை வெட்டிப்போட்டு இருக்கிறதெண்டால் நான் மொன்ட்ரியாலிலேயே இருந்திருப்பன்."

சத்தம் தேடிப் போகிறவர்

தயாளன் அண்ணை மொன்ட்ரியாலின் மேற்குப் பக்கம், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிறார். கோயிலில் அன்னதானத்துக்கு முதல் ஆளாக நிற்பவர். ஐம்பது வயதுக்கு மேல், வேலைத்தல நண்பர்களோடு சேர்ந்து குறி பார்த்துச் சுடப் பழகினார். அவரைப்போல் கவனமான வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. இரும்புத் தட்டைத் தொடமாட்டார், காகிதக் குறிதான். இரண்டு தண்ணீர்க் கான், ஒரு மண்வெட்டி இல்லாமல் கார் கிளம்பாது. என் வசனத்துக்கு "ஓம் தம்பி, ஓம்" என்று தலையாட்டி, அப்படியே நடக்கிற ஒரே மனிதர்.

ஒருநாள் அவருடைய மனைவியும் கூட வந்தார். கடை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஊரில சண்டை நேரம் வெடிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள முதல் பாயுற மனுசன், இஞ்ச சனிக்கிழமையில அதைத் தேடிப் போறார்."

எல்லாம் ஒழுங்காக

சுடுகிறவர்களிடம் ஒரு கட்டாய வழக்கம் உண்டு. எல்லாரும் துவக்கை வெறுமையாக்கிக் கீழே வைத்து, ஒவ்வொருவராக "சரி" என்று குரல் கொடுக்கும் வரை, குறி இருக்கும் பக்கம் ஒருவரும் காலெடுத்து வைக்கக் கூடாது. உயிரைக் காப்பாற்றுகிற வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு திங்கட்கிழமை தயாளன் அண்ணை வேலைக்குப் போகாமல் கடைக்கு வந்து நின்றார். சனிக்கிழமை ரேயாலின் கிடங்கில்தான் சுட்டிருக்கிறார்கள். காகிதத்துக்குப் பின்னால் மணல் மேடு. மணலுக்குள் கல் இருந்திருக்க வேண்டும். மேட்டில் காய்ந்த புல் புகைவதை இவர்தான் முதலில் கண்டிருக்கிறார். தண்ணீர்க் கான் இரண்டும் இவர்களின் காலடியில், சுடுகிற பக்கம். புகை தூரத்தில், குறியின் பக்கம். நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். காதுமூடி போட்டிருந்த ஒருவருக்குக் கேட்கவில்லை, அவர் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசி "சரி" வந்து இவர் கானோடு ஓடும்போது, காற்று நெருப்பை மேட்டுக்கு மேலே ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டது. காட்டுத் தீயணைப்புக்காரர் வர முன்னமே மரவீடு போய்விட்டது. ரேயால் ஏரியில் தோணியில் இருந்ததால் தப்பினார். அண்ணை என் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாங்கள் ஒழுங்கெல்லாம் சரியாத்தான் செய்தனாங்கள் தம்பி, அதுதான் நெருப்புக்கு நேரம் குடுத்தது."

மொழிபெயர்ப்பு

தானே ரேயாலிடம் சொல்ல வேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். பிரெஞ்சு அவ்வளவு வராது, ஆகவே நான் கூட நிற்க வேண்டும். ரேயால், உள்ளே நுழைந்து தூங்குகிற படுக்கைப் பை ஒன்று வாங்க வந்த நாளில் அண்ணையைக் கூப்பிட்டேன். பொலிசுக்குச் சொன்னது எல்லாவற்றையும் அண்ணை ரேயாலுக்கும் சொன்னார். காகிதக் குறி, கான்கள், காத்திருந்தது, ஓடியது, ஒன்றையும் மறைக்கவில்லை. நான் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் சொன்னேன். ரேயால் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவர் என்னைப் பார்த்து, இவருக்கு நீ அந்த எச்சரிக்கையைச் சொன்னாயா என்று மட்டும் கேட்டார். சொன்னேன் என்றேன். படுக்கைப் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் மெல்லச் சொன்னதை நான் அண்ணைக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது: "நீ சொன்னனி, அவர் கேட்டு நடந்தவர், எல்லாரும் சரியாத்தான் நடந்திருக்கிறியள், என்ர வீட்டைத்தான் காணேல்லை."

கவனமில்லாதவர்களுக்கு மட்டும் பயந்துகொண்டிருந்த எனக்கு, இப்போது சம்பளம் கூடாமலே கவனமானவர்களுக்கும் சேர்த்துப் பயப்படுகிற வேலை கிடைத்திருக்கிறது.