அரை டம்ளருக்கு ஸ்தோத்திரம்

சபையாருக்கு எழுதும்போது கூசுகிற ஒரு சொல்லோடுதான் இந்தச் சாட்சியைத் தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்கு மூத்திரம் நின்றுபோயிற்று.

போன ஆண்டு பிப்ரவரியில், மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஏறினேன். ஏணி சரிந்து, உட்கார்ந்த வாக்கிலேயே கீழே வந்தேன். முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. நடக்கவும் முடிந்தது. மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் மட்டும் அறுந்திருந்தன. நாளுக்கு ஐந்து தடவை நானே டியூப் செருகி வடிக்க வேண்டும். தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். சாப்பாட்டுப் பையில் தயிர்சாதத்துக்கு அடியில் டியூப் இருக்கும்.

பொறாமை அப்போது பிடித்தது. பஸ் ஸ்டாண்டு மதிலோரம் முதுகு காட்டி நிற்கிறவர்களைக் கண்டு கோவில்பட்டியே முகம் சுளிக்கும். நான் ஏங்கிப்போய் நின்றிருக்கிறேன். மின்கம்பத்தடியில் காலைத் தூக்கும் நாயைக்கூட விட்டுவைக்கவில்லை.

எங்கள் சபை லாரி டிரைவர் தங்கராஜுக்கும் ஒரு விபத்தில் இதே கதி. அவர்தான் மதுரை மருத்துவரைச் சொன்னார். தொடைக்குப் போகும் நரம்பில் ஒரு கிளையைத் திருப்பி, மூத்திரப்பை நரம்போடு தைப்பார்களாம். அது மெல்ல வளர்ந்து சேர வேண்டும்.

"ஒரு வருஷம் பாப்போம். வரலைன்னா ஆயுசுக்கும் டியூப்புதான்" என்றார் மருத்துவர்.

ஒரே வாரத்தில் இருவருக்கும் அறுவை முடிந்தது.

தங்கராஜைத் தவிர சபையில் மற்றவர்களுக்கு என் எலும்பு முறிந்தது மட்டுமே தெரியும். ஜெபப் பெட்டியில் போட்ட சீட்டில், 'வெளியே சொல்ல முடியாத தேவை' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ஜெபக்குழுப் பெண்கள் இருவர் வீட்டுக்கு வந்து என் மனைவியை உட்காரவைத்து, "அவிய முன்கோபிதாம்மா. நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று புத்தி சொன்னார்கள்.

"ஒரு டியூப்பை மறைக்கப் போயி என்னையவே வாழாவெட்டி ஆக்கிட்டீங்களே" என்றாள் அவள்.

அறுவை முடிந்த ஏழாம் மாதம் தங்கராஜ் ஞாயிறு ஆராதனையில் எழுந்தார். "எனக்கு ஒண்ணுக்கு வந்துட்டு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

சபையே கை தட்டியது. நானும் தட்டினேன், சத்தம் வராமல். பிரசங்கத்தில் குறட்டை விடுகிற மனிதர். நான் வேதத்தை மூன்று முறை முழுக்க வாசித்தவன், வம்ச அட்டவணைகளையும் சேர்த்து. அதன்பின் ஆண்டவரிடம் நான் செய்தது ஜெபமல்ல, மேல்முறையீடு. ஆராதனை நடுவே தங்கராஜ் எழுந்து வெளியே போவார். எதற்கென்று எனக்குத் தெரியும். நிதானமாகத் திரும்பி வருவார். அந்த நிதானம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பத்தாம் மாதமும் எனக்கு ஒரு சொட்டு இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் வலப்பக்கத்தவருக்காக ஜெபிப்பது எங்கள் வழக்கம். என் வலப்பக்கம் தங்கராஜ். 'இவருக்குத் தந்த சுகத்துக்காக' என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறாகத் தொடங்கினேன்.

"ஆண்டவரே, இவர்மேல எனக்குப் பொறாமை. இவர் எந்திரிச்சு வெளிய போனாலே வயிறு எரியுது."

தங்கராஜ் கண்ணைத் திறக்காமலே என் முழங்கையைப் பிடித்தார்.

"அதான் சொல்லியாச்சே அண்ணாச்சி. வேணுங்கிறதையும் பேரைச் சொல்லிக் கேட்டுருங்க."

"எனக்கு ஒண்ணுக்கு வரணும், ஆண்டவரே."

அறை முழுக்க ஆமென் என்றது. என் மனைவியின் ஆமென்தான் உரக்கக் கேட்டது.

பதினோராம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மருத்துவர் பழக்கியபடி தொடையை இறுக்கி நின்றேன். நூல் போல இறங்கியது. டம்ளரில் பிடித்தேன். அரை டம்ளர். நின்றபடியே அழுதேன்.

கதவுக்கு வெளியே மனைவி, "என்ன, விழுந்துட்டீங்களா?" என்றாள்.

"வந்துட்டு" என்றேன். அவளும் அழுதாள்.

அடுத்து தங்கராஜுக்குப் போன் போட்டேன்.

"எம்புட்டு வந்துச்சு அண்ணாச்சி?"

"அரை டம்ளர்."

"அரை டம்ளரா?" என்று திரும்பக் கேட்டார். "எனக்கு மொத நாளு கால் டம்ளர்தான்" என்றார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், பொறாமையின் குரல். அன்றுதான் அவரை முழுமனதோடு நேசித்தேன்.

இன்று டியூப் நாளுக்கு ஒரு தடவை போதும். தைத்தது மருத்துவரின் கை. தைத்த நரம்பு எப்படி உயிர் பிடித்தது என்று கேட்டால் அவரே மேலே பார்க்கிறார். வெள்ளிக்கிழமைகளில் தங்கராஜை வலப்பக்கம் வைத்துக்கொள்ள நானே இடம் தேடி உட்காருகிறேன்.

சபையாரே, உங்களுக்கும் சொல்லக் கூசும் தேவை ஒன்று இருக்கும். அதை அதன் பெயராலேயே கேளுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார். இந்த உடம்பைச் செய்தவரே அவர்தான்.