முட்டிய மட்டும் உடு ஆண்டவரே

எம்புள்ள காலு கறுத்துப் போச்சி. போன ஆடி மாசம். அவன் பேரு தேவசகாயம், பெயின்ட் அடிக்கிறவன். வடபழனில வேல செய்யசொல்ல வலது கால்ல ஆணி ஏறிச்சி. சக்கர வியாதிக்காரன், வலி தெர்ல. நாத்தம் வந்தப்புறம்தான் தெரிஞ்சிது.

ஆஸ்பத்திரில டாக்டரு தொடையாண்ட வெரல வச்சி, "இங்க எடுக்கணும்மா"ன்னாரு. எனக்கு ஜெபங்கூட வர்ல.

எனக்கு எழுத்து தெரியாது. மருமவ எஸ்தருதான் தெனம் ஒரு அதிகாரம் படிப்பா. அன்னிக்கு எசேக்கியேலு. ஊருக்கு வரப்போற கஷ்டத்துக்கு அடையாளமா, தீர்க்கதரிசி எடது பக்கமா படுத்துக் கெடக்கணுமாம். எம்புள்ளயும் எடது பக்கமாத்தான் படுத்துகினு கீறான்.

"எத்தினி நாளு?"ன்னான்.

"முந்நூத்தி தொண்ணூறு"ன்னா எஸ்தரு.

"ம்மா, அவருக்கு டிஸ்சார்ஜே இல்லியா?"

"அப்பால வலது பக்கம் நாப்பது நாளு கீதாம். மூடிகினு படுடா"ன்னேன்.

மூணு பேரும் சிரிச்சோம். அப்புறம் மூணு பேரும் அழுதோம்.

அவ மேல படிச்சா. ரொட்டிய மனுஷக் கழிவுல சுட்டுத் தின்னுன்னு ஆண்டவரு சொல்றாரு. சபைல பெரியவங்க கீறீங்க, நான் வெளக்க மாட்டேன். "ஐயோ ஆண்டவரே, தீட்டானத நான் தொட்டதே இல்ல"ன்னு எசேக்கியேலு அழுவுறாரு. "சரி, மாட்டுச் சாணி வச்சிக்கோ"ன்னுட்டாரு ஆண்டவரு.

"இன்னாடி, கொறச்சிகினாரா?"

"ஆமா அத்தே."

நாப்பது வருசமா மந்தைவெளில பூ விக்கிறேன். பேரம் பேசாத ஆள நான் பாத்ததில்ல. ஆண்டவராண்டயும் பேரம் பேசலாம்னு மட்டும் எனக்கு யாரும் சொல்லல.

ஆபரேசன் ரூம் வாசல்ல, தரையில குந்திகினு கேட்டேன். "ஆண்டவரே, முழுக் காலக் கேக்க எனக்கு வாய் வர்ல. முட்டிய மட்டும் உடு."

டாக்டரு வெளிய வந்தாரு. "நெனச்சத விட ரத்த ஓட்டம் நல்லா இருந்துதும்மா. முட்டிக்குக் கீழதான் எடுத்தோம்."

ஸ்தோத்திரம்னு கத்துனேன். நர்சம்மா திட்டிச்சி. திட்டட்டும்.

பாதம் போச்சி, அத மறைக்க மாட்டேன். இல்லாத பாதம் அரிக்குதுன்னு சொறியக் கையக் கொண்டு போவான். நான் மூஞ்சத் திருப்பிக்குவேன். ஆனா முட்டி கீது. செயற்கைக் காலு மாட்டிகினு நடக்குறான், மடக்கி ஒக்கார்றான். ஏணி ஏற முடியாது. எங்கூடப் பூ கட்டுறான், கோணலா.

முன்னல்லாம் ஜெபத்துல "உம்ம சித்தம்"னு சொல்லிட்டு எழுந்துடுவேன். எல்லாம் பயம். இப்ப ஒக்காந்து வாயாடுறேன்.

உங்க வூட்லயும் யாருனா படுத்துகினு கீறாங்களா? கேளுங்க. கேட்டது முழுசும் கெடைக்கும்னு இந்தக் கெழவி பொய் சொல்ல மாட்டா. ஆனா அவரு காது குடுக்குறாரு. அத நான் அந்த வாசல்ல பாத்தேன்.